கொடி கொடுக்கும் அம்மாக்கள்: டி.ஏ.ஆர். சங்கம் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி விழாவுக்குப் போய் வந்த தமிழர்கள் பலர் கேட்பது இது: வாசலில் நின்று கையில் சின்னக் கொடி கொடுத்த அந்த அம்மாக்கள் யார்? பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் அடுத்த கேள்வி வரும்: அவர்கள் நடத்தும் கட்டுரைப் போட்டியில் நம் பிள்ளை கலந்துகொள்ளலாமா? கொஞ்சம் வரலாறு படித்தவர்கள், கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு இவர்கள் அரங்கம் தர மறுத்த விஷயத்தை இழுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். நான் இந்தச் சங்கத்தின் உறுப்பினர் அல்ல, ஆகவும் முடியாது. ஏன் என்பது கீழே வரும்.

கொடி கொடுத்தார்களே, அவர்கள் யார்? அரசாங்க ஆட்களா?

அரசாங்க ஆட்கள் இல்லை. டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன், சுருக்கமாக டி.ஏ.ஆர்., என்ற பெண்கள் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்காரர்களாக இருக்கும். அமெரிக்க விடுதலைப் போருக்குத் துணை நின்றவர்களின் வம்சாவளிப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. 1896ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்குச் சாசனம் கொடுத்தது. ஆனாலும் இது லாப நோக்கில்லாத தனியார் அமைப்புதான்.

வரலாற்றைப் பாதுகாப்பது, கல்வி, தேசபக்தி என்று மூன்று நோக்கங்கள் சொல்வார்கள். சுமார் 3,000 கிளைகள், 1,90,000 அளவில் உறுப்பினர்கள். கிளைத் தலைவியை 'ரீஜென்ட்' என்று அழைப்பார்கள். தலைமையகம் வாஷிங்டனில், வெள்ளை மாளிகையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அதன் கதவு எண் 1776, டி தெரு. சுதந்திரப் பிரகடன வருடமே கதவு எண்ணாக இருப்பதைப் பார்த்தாலே இவர்களுடைய சுபாவம் புரிந்துவிடும்.

எப்போது ஆரம்பித்தது? பெண்களுக்கு மட்டும் என்று ஏன் தனியாக?

ஆண்கள் சேர்த்துக்கொள்ளாததால்தான். 1889ல் 'சன்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' என்ற வம்சாவளிச் சங்கம் தொடங்கியது. பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு வந்து, 1890ல் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மேரி ஸ்மித் லாக்வுட் என்ற எழுத்தாளருக்கு இது பொறுக்கவில்லை. அந்த ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, ஹன்னா ஆர்னெட்டின் கதையை நினைவூட்டினார்.

இது எனக்குப் பிடித்த கதை. 1776 கடைசியில் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. சரணடைபவர்களுக்கு மன்னிப்பு என்று பிரிட்டிஷ் தரப்பு அறிவித்தது. நியூ ஜெர்சியில் ஆர்னெட் வீட்டில் கூடிய ஆண்கள், மன்னிப்பை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாமா என்று யோசித்தார்கள். ஹன்னா அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து எல்லோரையும் கோழைகள் என்று திட்டினாராம். சரணடைந்தால் உன்னோடு வாழ மாட்டேன் என்று கணவரிடமும் சொல்லிவிட்டாராம். இப்படிப்பட்ட பெண்ணுக்கு உங்கள் சங்கத்தில் என்ன இடம் என்பதுதான் லாக்வுட்டின் கேள்வி. 1890 அக்டோபர் 11 அன்று சங்கம் உதயமானது. லாக்வுட்டோடு மேரி டெஷா, எலன் ஹார்டின் வால்வொர்த், யூஜினியா வாஷிங்டன் ஆகியோரையும் சேர்த்து நால்வரை நிறுவனர்களாகக் கொண்டாடுகிறார்கள். டெஷாவும் யூஜினியாவும் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள். லாக்வுட் வாடகைக்கு அறை விட்டுப் பிழைத்தவர். பணக்காரச் சீமாட்டிகளின் பொழுதுபோக்காக இது தொடங்கவில்லை. ஆனால் முதல் தலைவியாக அன்றைய அதிபரின் மனைவி கரோலின் ஹாரிசனைப் பிடித்துப் போட்ட சாமர்த்தியமும் அவர்களிடம் இருந்தது.

பழைய இடங்களைக் காக்கும் வேலையில் இவர்களுக்கு முன்னோடிகளும் பெண்கள்தான். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னான் வீடு இடிந்துகொண்டிருந்தபோது மத்திய அரசோ வர்ஜீனியா மாநிலமோ வாங்க முன்வரவில்லை. ஆன் பமீலா கன்னிங்ஹாம் 1853ல் பெண்களைத் திரட்டிப் பணம் வசூலித்து, 1858ல் 2 லட்சம் டாலருக்கு விலை பேசி முடித்தார். இன்றைக்கும் அந்த வீடு அந்தப் பெண்கள் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

யார் சேரலாம்? சந்தா கட்டினால் போதுமா?

போதாது. 18 வயது நிரம்பிய பெண்ணாக இருக்க வேண்டும். அமெரிக்க விடுதலைக்குத் துணை நின்ற ஒருவரின் நேரடி இரத்த வழியில் வந்திருக்க வேண்டும். அந்த வழியை ஒவ்வொரு தலைமுறையாக ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். இனம், மதம், பிறந்த நாடு எதுவும் இன்று தடையில்லை. சித்தப்பா, பெரியப்பா வழி செல்லாது. தாத்தாவுக்குத் தாத்தா என்று நேர்கோட்டில் போக வேண்டும். ஆனால் அந்தக் கோடு ஆண் வழியாகவும் பெண் வழியாகவும் மாறி மாறிப் போகலாம். தத்துப் பிள்ளைகள் பெற்றவர்களின் வழியில்தான் விண்ணப்பிக்க முடியும், வளர்த்தவர்களின் வழியில் முடியாது.

மதுரையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த என்னைப் போன்றவர்கள் உறுப்பினராக முடியாது என்றது இதனால்தான்.

அந்த முன்னோர் போரில் துப்பாக்கி பிடித்தவராக இருக்க வேண்டுமா?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இவர்கள் 'பேட்ரியட்' என்று சொல்லும் வட்டம் அதைவிடப் பெரியது. படைவீரர் உண்டு, மாலுமி உண்டு. ஊர் நிர்வாகத்தில் பதவி வகித்தவர் உண்டு. படைக்கு மாட்டிறைச்சியும் மாவும் கொடுத்து ரசீது வாங்கிய விவசாயி உண்டு. புதிய நாட்டுக்கு விசுவாசம் என்று கையெழுத்துப் போட்டவரும் உண்டு. பெண்களும் இதே கணக்கில் வருவார்கள். உதவி செய்த பிரெஞ்சு, ஸ்பானியப் படையினர்கூட உண்டு.

சேவை செய்த காலம் 1775 ஏப்ரல் 19க்கும் 1783 நவம்பர் 26க்கும் இடையில் இருக்க வேண்டும். முதலாவது லெக்சிங்டனில் முதல் சண்டை மூண்ட நாள். இரண்டாவது பிரிட்டிஷ் படை நியூ யார்க்கை விட்டுக் கிளம்பியதற்கு மறுநாள். விசுவாசம் கடைசி வரை நிலைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. நடுவில் மன்னர் பக்கம் சாய்ந்துவிட்டால் அதற்கு முன் செய்த சேவையும் எடுபடாது. ஹன்னா ஆர்னெட் மட்டும் அன்று அந்த அறைக்குள் நுழையாமல் இருந்திருந்தால் அந்த வீட்டு வாரிசுகள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வருஷக்கணக்காகப் பேப்பர் தேடிக்கொண்டிருக்கிறார். அப்படி என்ன கஷ்டம்?

கஷ்டம்தான். கடைசி இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடும். அதற்கு மேல் போனால் நிறைய மாநிலங்களில் பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே கிடையாது. சரி, மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம் என்றால் 1890ஆம் வருடக் கணக்கில் பெரும்பகுதி 1921ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் நாசமானது. 1880க்கும் 1900க்கும் நடுவே 20 வருடம் ஓர் ஓட்டை. 1850க்கு முந்தைய கணக்குகளிலோ வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் பெண்கள். தலைவர் பெரும்பாலும் ஆண் என்பதால் மனைவி பெயர் இருக்காது. கல்லறையில் 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் வெட்டியிருப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் தெரியாவிட்டால் அந்தப் பக்கத்து வம்சம் அங்கேயே அறுந்துவிடும். பெண்கள் சங்கத்தில் சேர விரும்பும் பெண்கள் தங்கள் பாட்டிமார்களின் பெயருக்காகத்தான் இவ்வளவு அலைகிறார்கள்.

கை கொடுப்பவை எதிர்பாராத இடங்கள். குடும்ப பைபிளின் நடுப்பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதி வைத்திருப்பார்கள். உயில், நிலப் பத்திரம் இருக்கும். எல்லாவற்றையும்விட ஓய்வூதியக் கோப்புகள் பெரிய புதையல். 1832ல் வந்த சட்டப்படி கிழட்டுச் சிப்பாய்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, எந்தப் படை, எந்தச் சண்டை, யார் தளபதி என்றெல்லாம் வாக்குமூலம் கொடுத்தார்கள். பிறகு விதவைகளும் விண்ணப்பித்தார்கள். கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி கேட்டபோது பைபிள் பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்களும் உண்டு. அந்தப் பக்கங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எங்கள் தாத்தாவே சொன்னார், அச்சிட்ட குடும்ப வரலாறும் இருக்கிறது. அது போதாதா?

தாத்தா சொன்னது தேடலைத் தொடங்க உதவும், ஆதாரம் ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் அச்சான குடும்ப வரலாறுகளில் ஆதாரமில்லாத பெருமை நிறைய. அதனால் அவற்றை மட்டும் வைத்து விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள்.

ஆரம்ப காலத்தில் சங்கமே இந்த விஷயத்தில் தாராளமாக இருந்தது. நூறு வருடத்துக்கு முன் ஏற்றுக்கொண்ட சில வழிகள் இன்றைய அளவுகோலில் தேறுவதில்லை. அவற்றை ஒளித்து வைக்காமல், இந்தத் தலைமுறைத் தொடர்புக்கு ஆதாரம் போதாது, இனி வருபவர்கள் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்று தங்கள் பதிவிலேயே குறித்து வைக்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்ததே?

முடியாது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் சோதனையை மட்டும் துணை ஆதாரமாக ஏற்கிறார்கள். அதையும் பேப்பர்களோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் உறவினர் என்று டி.என்.ஏ. சொல்லலாம்; இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பொது முன்னோரின் பெயர் என்ன, அவர் யார் பக்கம் நின்றார் என்று அது சொல்லாது.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்? நெஞ்சில் ஏன் அத்தனை பதக்கங்கள்?

பொதுவாகச் செப்டம்பரிலிருந்து மே வரை மாதம் ஒரு கூட்டம். பிரார்த்தனை, கொடிக்கு உறுதிமொழி, தேசிய கீதம், தலைமையக அறிக்கைகள், அப்புறம் ஒரு சொற்பொழிவு, கடைசியில் காபியும் கேக்கும். சடங்கு கொஞ்சம் அதிகம்தான்.

நீங்கள் பார்த்தவை பதக்கங்கள் இல்லை, ரிப்பனில் குத்திய சின்னங்கள். வகித்த பொறுப்பு, நிரூபித்த முன்னோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. ஒரு முன்னோரை நிரூபித்துச் சேர்ந்தபின் இரண்டாமவர், மூன்றாமவர் என்று தேடிக்கொண்டே போகலாம். சங்கத்தின் முத்திரை நூல் நூற்கும் ராட்டினம். பிரிட்டிஷ் துணியைப் புறக்கணித்து அமெரிக்கப் பெண்கள் வீட்டிலேயே நூற்றதன் அடையாளம் அது. கதர் ராட்டைக்கு நூற்றைம்பது வருடம் முன்னால் நடந்த விஷயம்.

வரலாற்றைப் பாதுகாக்கிறோம் என்கிறார்களே, உருப்படியாக எதைக் காப்பாற்றினார்கள்?

வாஷிங்டன் நகரின் எல்லைக் கற்களைச் சொல்லலாம். 1791, 1792ல் தலைநகருக்கு எல்லை வகுத்தபோது மைலுக்கு ஒன்றாக 40 கற்கள் நட்டார்கள். ஆண்ட்ரூ எலிகாட் நடத்திய அந்த அளவைப் பணியின் தொடக்கத்தில் பெஞ்சமின் பானேக்கர் என்ற கறுப்பின வானியலாளர் உடன் இருந்தார். நூறு வருடம் கழித்து அந்தக் கற்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1915லிருந்து இந்தப் பெண்கள் ஒவ்வொரு கல்லுக்கும் பொறுப்பேற்று இரும்பு வேலி போட்டார்கள். இன்று யாரோ ஒருவர் வீட்டு முற்றத்திலும் சாலையோரத்திலும் அந்தக் கூண்டுக்குள் கல் நிற்பதைப் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னும் பெரியது. ஊர் ஊராகக் கல்லறைகளுக்குப் போய்க் கல்லில் இருப்பதை எழுதி எடுத்தார்கள். குடும்ப பைபிள் பக்கங்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் தட்டச்சு செய்தார்கள். அப்படிச் சேர்ந்தவை ஆயிரக்கணக்கான தொகுதிகளாக வாஷிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. மூலக் கல் தேய்ந்துபோன, மூலப் பதிவேடு எரிந்துபோன இடங்களில் இந்தத் தட்டச்சுப் பிரதி மட்டும்தான் மிச்சம்.

நினைவுச் சின்னங்களும் நிறைய வைத்தார்கள். 1928, 1929ல் மேரிலாந்திலிருந்து கலிஃபோர்னியா வரை பழைய பயணப் பாதையில் குழந்தையை ஏந்திய முன்னோடித் தாயின் சிலைகள் 12 வைத்தார்கள். எனக்குச் சிலைகளைவிடத் தட்டச்சுத் தாள்கள் மேல்தான் மதிப்பு.

தெற்கில் கான்ஃபெடரேட் சிலைகளை வைத்தது இவர்கள்தானே?

இல்லை. அது 'யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் தி கான்ஃபெடரஸி'. 1894ல் நாஷ்வில்லில் தொடங்கிய வேறு சங்கம். அவர்களுடைய போர், தென் மாநிலங்கள் பிரிந்து 'கான்ஃபெடரேட்' தரப்பாக நின்ற, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர். இரண்டு பெயரிலும் 'டாட்டர்ஸ்' இருப்பதால் வரும் குழப்பம் இது.

மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கம் தர மறுத்தது? அதுவும் வேறு சங்கமா?

அது இவர்களேதான். 1939ல் உலகப் புகழ் பெற்ற பாடகி மரியன் ஆண்டர்சனின் கச்சேரிக்காக, ஹோவர்ட் பல்கலைக்கழகம் வாஷிங்டனில் இவர்களுக்குச் சொந்தமான கான்ஸ்டிடியூஷன் ஹாலைக் கேட்டது. அரங்கின் வாடகை ஒப்பந்தத்திலேயே வெள்ளையினக் கலைஞர்களுக்கு மட்டும் என்ற விதி இருந்தது. மறுத்துவிட்டார்கள். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தன் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஆண்டர்சன் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர்.

1943ல் போர்க்கால நிவாரண நிதிக்காக அதே கான்ஸ்டிடியூஷன் ஹாலில் ஆண்டர்சன் பாடினார். 2005ல் அவருடைய அஞ்சல்தலை வெளியீடும் அங்கேயே நடந்தது. 'அந்தக் காலம் அப்படி' என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்திலேயே எலினாருக்குத் தவறு தெரிந்ததே.

அப்படியானால் இன்று கறுப்பினப் பெண்கள் உறுப்பினராக இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். டெட்ராய்ட்டைச் சேர்ந்த கேரன் பாட்சலர் 1977ல் சேர்ந்தார். அறியப்பட்டவரையில் முதல் கறுப்பின உறுப்பினர் அவர். அவருடைய பேட்ரியட் முன்னோர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வில்லியம் ஹூட் என்ற வெள்ளையர்.

அதோடு கதவு அகலத் திறந்துவிடவில்லை. வாஷிங்டனில் லீனா சாண்டோஸ் ஃபெர்குசன் என்ற பெண்மணியிடம் எல்லா ஆவணமும் இருந்தும், உள்ளூர்க் கிளை அவரை வருடக்கணக்கில் இழுத்தடித்தது. விஷயம் 1984ல் பத்திரிகைகளில் வெடித்தது. அவர் வழக்குக்குத் தயாரானதும் சங்கம் இறங்கி வந்தது. பாகுபாடு கூடாது என்று விதியில் எழுதச் சம்மதித்தது. விடுதலைப் போரில் பங்கெடுத்த கறுப்பினத்தவரின் பெயர்களைத் தேடி வெளியிடவும் சம்மதித்தது. அந்தத் தேடல் வளர்ந்து, 2008ல் கறுப்பினத்தவரும் அமெரிக்கப் பூர்வகுடிகளுமாக 6,600க்கும் மேற்பட்டோர் பெயர்களுடன் பெரிய புத்தகமாக வந்தது. ஒரு பெண்ணின் பிடிவாதத்தால் கிடைத்த புத்தகம் என்றுதான் சொல்வேன்.

ஆவணச் சிக்கல் பற்றி மேலே சொன்னதை இங்கே பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் பெரும்பாலோர் 1870க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் பெயரோடு இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். காகிதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததில்லை.

குடியேறி வந்தவர்களை எதிர்த்த சங்கம் என்கிறார்கள். அப்புறம் ஏன் நமக்குக் கொடி?

இரண்டும் உண்மை. 1920களில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை ஆதரித்தார்கள். 1939ல் ஜெர்மனியிலிருந்து 20,000 அகதிக் குழந்தைகளை அனுமதிக்கக் கொண்டுவந்த மசோதாவை எதிர்த்தவர்களில் இவர்களும் உண்டு. அதே சமயம், கப்பலில் வந்து இறங்கிய குடியேறிகளைச் சோதித்து அனுப்பிய நியூ யார்க்கின் எல்லிஸ் தீவில் காத்துக்கிடந்தவர்களுக்குத் தையலும் கைவேலையும் செய்யப் பொருள் கொடுத்தார்கள். புதிதாக வந்தவர்கள் குடியுரிமைக்குத் தயாராக ஒரு கையேட்டை 1920களிலிருந்தே பல மொழிகளில் இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். உள்ளே வந்துவிட்டவரை அமெரிக்கராக்குவோம், வருபவர் எண்ணிக்கையைக் குறைப்போம் என்பதுதான் அன்றைய மனப்பான்மை.

நம்மவர்களுக்கு அந்தக் கையேட்டால் அப்போது பயன் இல்லை. 1923ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946ல் சட்டம் மாறிய பிறகுதான் கதவு திறந்தது. இன்று விழாவில் கொடி கொடுப்பவர்கள் நான் பார்த்தவரையில் மனசார வரவேற்கிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், வரலாறும் தெரிந்திருக்கட்டும்.

தேசபக்தி என்றால் எந்தக் கட்சிக்கு?

அதிகாரபூர்வமாக எந்தக் கட்சிக்கும் இல்லை. வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. நடைமுறையில் அது கொடி, அரசியலமைப்பு, முன்னாள் படைவீரர்களுக்கு உதவி என்ற வட்டத்துக்குள் நிற்கிறது. செப்டம்பர் 17 முதல் 23 வரை கொண்டாடும் அரசியலமைப்பு வாரம் இவர்கள் நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்கியது; 1956ல் அதிபர் ஐசன்ஹோவர் காலத்தில் சட்டமானது.

எப்போதும் இப்படி அடக்கமாக இருந்ததில்லை. 1928ல், கூட்டங்களுக்கு அழைக்கக் கூடாத பேச்சாளர்கள் என்று கிளைகளுக்குள் ஒரு கறுப்புப் பட்டியல் சுற்றியது வெளியே வந்து பெரிய ரகளையானது. அதை அம்பலப்படுத்தியவரும் ஓர் உறுப்பினர்தான்.

அமெரிக்கப் புரட்சிக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. யாரும் சொல்வதில்லை. பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததும் போர் நம் கடற்கரைக்கும் வந்தது. 1782ல் நாகப்பட்டினம் அருகிலும் திருக்கோணமலை அருகிலும் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள் என்ற செய்தி மாதக் கடைசியில் வந்த பிறகுதான் சண்டை நின்றது. அமெரிக்காவில் தொடங்கிய போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நம் கடலூரில் நடந்திருக்கிறது.

யார்க்டவுனில் 1781ல் வாஷிங்டனிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792ல் திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கியவர். அவருடைய சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்னொன்று: பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயருக்குச் சிம்மசொப்பனமாக இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். 1782 ஏப்ரலில் அந்தக் கப்பல் டெலாவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. அதில் வேலை பார்த்த மாலுமியின் வாரிசு, பேப்பர் இருந்தால், தாராளமாக டி.ஏ.ஆரில் சேரலாம்.

சேர முடியாத எங்களுக்கு இதனால் என்ன பிரயோஜனம்?

பிள்ளைகளுக்கு உண்டு. ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரை அமெரிக்க வரலாற்றுக் கட்டுரைப் போட்டி நடத்துகிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்குத் தனிப் போட்டி உண்டு. உறுப்பினர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளும் எழுதலாம். பள்ளி இறுதி ஆண்டு மாணவர்களுக்கு நற்குடிமகன் விருது உண்டு. கல்லூரி உதவித்தொகைகளில் பலவற்றுக்கும் சங்கத் தொடர்பு தேவையில்லை, ஆனால் அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். குடியேறிக் குடியுரிமை பெற்று, ஊருக்குச் சேவை செய்யும் பெரியவர்களுக்கும் ஒரு பதக்கம் தருகிறார்கள்.

வாஷிங்டன் நூலகமும் அருங்காட்சியகமும் எல்லோருக்கும் திறந்தவை. பேட்ரியட் பெயர்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். தினமும் காரில் தாண்டிப் போகும் சாலையின் பெயருக்குச் சொந்தக்காரர் கிடைக்கக்கூடும்.

நேரடியாகக் கேட்கிறேன். பிறப்பை வைத்துப் பெருமை பேசும் இது நம்ம ஊர் சாதிச் சங்கம் மாதிரிதானே?

பாதி ஆமாம். வாசல் பிறப்புதான், அதை மழுப்ப முடியாது. 1890களில் இப்படி வரிசையாக வம்சாவளிச் சங்கங்கள் முளைத்ததற்கு, தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய புதியவர்களிடமிருந்து தங்களைத் தனித்துக் காட்டும் ஆசையும் ஒரு காரணம்.

மீதிப் பாதி இல்லை. எட்டுத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 256 முன்னோர்கள். அவர்களில் யாராவது ஒருவர், எந்த வழியிலாவது, எந்த இனத்தவராகவும் இருக்கலாம். யாரைக் கட்டிக்கொள்கிறீர்கள் என்று சங்கம் கேட்பதில்லை. இன்னொரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் ஊர்ச் சங்கங்கள் போடும் பெருமைப் புத்தகத்தில் மூவேந்தரும் முன்னோராக வந்துவிடுவார்கள். செப்பேடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ரீஜென்டின் பாட்டனாரே ஆனாலும் ரசீது இல்லை என்றால் விண்ணப்பம் திரும்பி வரும். திரட்டிய ஆவணங்களும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகின்றன. பெருமையை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பதிவேடு எல்லோருக்கும் கிடைக்கிறதே.

என் கணவர் அமெரிக்கர். எனக்கு இடமில்லை சரி, எங்கள் மகளைச் சேர்க்கலாமா?

கணவர் வழியில் பேட்ரியட் முன்னோர் இருந்தால் தாராளமாக. 18 வயதில் முழு உறுப்பினர். அதற்கு முன் சிறுவர் சங்கம் ஒன்று இருக்கிறது, 1895ல் தொடங்கியது. அதில் ஆண் பிள்ளைகளும் சேரலாம். முதல் வேலையாகக் கணவரின் அத்தைகள், சித்திகளில் யாராவது ஏற்கெனவே உறுப்பினரா என்று கேளுங்கள். இருந்தால் பாதி மலை ஏறிய மாதிரி. அவர் விண்ணப்பத்தோடு சேரும் தலைமுறை வரை நிரூபித்தால் போதும். இல்லாவிட்டால் பக்கத்துக் கிளையின் பதிவாளரிடம் போங்கள், தேட உதவுவார்.

நம் பக்கத்தில் சிக்கல் வரும் இடம் பெயர்தான். மகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து வேறு மாதிரி, திருமணச் சான்றிதழில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் கேள்வி வரும். மூன்றும் ஒரே ஆள் என்று காட்டும் ஒரு பிரமாணப் பத்திரம் இப்போதே எடுத்து வையுங்கள். கல்யாணம் கோயிலில் நடந்து பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வேலையையும் முடித்துவிடுங்கள். அழைப்பிதழ் ஒன்றைப் பத்திரமாக எடுத்துப் போங்கள், கேட்பார்கள்.